ஓபராவும் நம் ஸ்பெஷல் நாடகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை வட்டாரத் திருவிழாக்களில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்த எனக்கு, பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகமான ஓபரா என்பது நமக்கு எட்டாத சீமான்கள் வீட்டுச் சங்கதி என்ற எண்ணமே நெடுநாள் இருந்தது. ஓபராவிஷன் என்னும் இணையதளத்தில் முழு நிகழ்ச்சிகளையே வசன வரிகளுடன் கட்டணமின்றிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

1607-இல் இத்தாலியின் மாந்துவா அரசவையில் அரங்கேறிய, இசையமைப்பாளர் மோன்டெவெர்தியின் 'ஓர்ஃபியோ' ஓபராவில், இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் செல்லும் நாயகன், பாதாள ஆற்றின் ஓடக்காரனிடம் பாடியே மன்றாடுகிறான். கல்நெஞ்சுக்கார ஓடக்காரன் இரங்கவில்லை, தூங்கிவிடுகிறான்! அந்த ஓடக்காரனின் பாட்டுக்கு ரீகல் என்னும் துருத்தி வைத்த சிறு ஆர்கன் ஒலிக்க வேண்டும் என்று 1609-இல் அச்சான இசைப்பிரதியிலேயே குறிப்பு உள்ளது; ஐ.எம்.எஸ்.எல்.பி. என்னும் இசைப்பிரதிகளுக்கான இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அந்தப் பிரதியைப் புரட்டியபோது, நம் மேடை ஓரத்து ஆர்மோனியமே நினைவுக்கு வந்தது.

1637-இல் வெனிஸில் காசு கொடுத்த எவரும் பார்க்கும்படி ஓபரா அரங்கு திறக்கப்பட்டதையும், 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கியதையும் சேர்த்துப் படிக்கும் வாய்ப்பு நம் மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டும். தமிழில் வசன வரிகள் இல்லாதது பெருங்குறைதான். ஆயினும், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு இந்த ஓபராக்களைத் திரையிட்டு, நாடகக் கலைஞர் ஒருவரைக் கொண்டு கதையை முன்கூட்டியே தமிழில் விளக்கச் செய்யலாம்.

இப்படிக்கு,
நாடக ரசிகன்,
செல்லூர், மதுரை.