கூ புரதத்துக்கு வாய் கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் டிஎன்ஏ பழுதுபார்ப்புக் கட்டுரையில் ஒரு வரி: "கூ புரதம் வாயைத் திறந்து, அறுந்த டிஎன்ஏவைக் கவ்வி ஒட்டிவிடுகிறது." பக்கத்திலேயே இடுக்கி மாதிரி ஒரு படம். ஒரே வரியில் இரண்டு பிழைகளை அடக்கத் தனித்திறமை வேண்டும்.

தாங்கள் அறியாததல்ல. ஆய்வாளர் ஜோனதன் கோல்ட்பெர்க் குழுவினர், அறுந்த டிஎன்ஏ முனையில் ஏறிக்கொள்ளும் இந்தக் கூ (Ku) புரதத்தின் படிக அமைப்பை 2001-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். கூ70, கூ80 என்ற இரண்டு துணை அலகுகள் பிணைந்து ஒரு மூடிய வளையம் ஆகின்றன. டிஎன்ஏ இல்லாமலும் பார்த்தார்கள், டிஎன்ஏவோடும் பார்த்தார்கள். வளையம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. திறக்கவும் இல்லை, கவ்வவும் இல்லை. அதற்குள் நுழைய டிஎன்ஏவுக்கு ஒரு முனை வேண்டும். முழுசாக இருக்கும் டிஎன்ஏவின் நடுவே முனை ஏது? அறுந்தால்தான் உண்டு. முறிவைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதியை அந்த வடிவமே செய்துவிடுகிறது! டிஎன்ஏவின் எழுத்துகளான காரங்களை அது தொடுவதே இல்லை, சர்க்கரை-பாஸ்பேட் முதுகெலும்பைத்தான் தாங்குகிறது. அதனால் எந்த வரிசையில் அறுந்தாலும் ஏறிக்கொள்ளும். இவ்வளவு அழகையும் விட்டுவிட்டு இடுக்கி வரைந்திருக்கிறீர்கள்.

ஒட்டுவது லைகேஸ் 4 என்ற வேறொரு நொதி. ஒட்டி முடிந்ததும் முனை மறைந்துவிடும், வளையம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதைக் கழற்ற செல் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. வாய் இருந்திருந்தால் இந்தத் தொல்லை எதற்கு?

இது முதல் முறையும் அல்ல. வலஞ்சுழியாக இருக்க வேண்டிய டிஎன்ஏ உங்கள் அட்டைப்படத்தில் இடஞ்சுழியாகச் சுற்றியிருந்தபோதே எழுதினேன். பதில் இல்லை, அதற்கடுத்த இதழில் அட்டைப்படத்தைப் புகழ்ந்து வந்த கடிதங்களை மட்டும் போட்டிருந்தீர்கள். டிஎன்ஏவின் அரிய வடிவமான இசட் வடிவம் இடஞ்சுழிதானே என்று யாராவது சமாளிக்கலாம். அதன் முதுகெலும்பு கோணல்மாணலாக ஓடும், உங்கள் ஓவியத்தில் இருந்ததோ வழவழப்பான சுருள்.

பிஆர்சிஏ (BRCA) மரபணு விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். "புற்றுநோய் மரபணு" என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டீர்கள். அதைப் படித்த என் தங்கை, "எனக்கு அந்த மரபணு இருக்குமா அண்ணா?" என்று நடுங்கிப்போய்க் கேட்டாள். எல்லோருக்கும் இருக்கிறதம்மா, அது பழுதானால்தான் ஆபத்து என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பழுதுபார்க்கும் ராட்51 புரதத்தை அறுந்த டிஎன்ஏவின் மேல் ஏற்றிவிடுவது பிஆர்சிஏ2 மரபணு தரும் புரதம். காவல் காக்கிறவனுக்குத் திருடன் பட்டம்! வகுப்பில் உயிரியல் நடத்திக் காலம் கழித்தவன் நான். பத்திரிகையில் அச்சானதை மாணவன் மனத்திலிருந்து அழிப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். "சார், புத்தகத்துல அப்படித்தானே போட்டிருக்கு" என்பான்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். புரதப் படம் எதுவாக இருந்தாலும், அதன் கீழே, புரத வடிவங்களைச் சேமித்து வைக்கும் புரதத் தரவு வங்கியின் எண்ணைக் குறிப்பிடுங்கள். டிஎன்ஏ கோத்த கூ வளையத்துக்கு அது 1ஜேஈஒய் (1JEY). இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, உங்கள் ஓவியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வரையலாம். என் கடிதத்தைப் போடாவிட்டாலும் வருத்தமில்லை, பழகிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்