ஒட்டிய கன்னமும் ஒரு தொலைபேசி இலக்கமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பெண்கள் பக்கத்தில், கன்னம் எடுப்பாகத் தெரிய உள்ளே இம்ப்ளான்ட் என்ற செயற்கைத் துண்டை வைக்கும் சத்திரசிகிச்சை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மலையகப் பெண்களின் ஒட்டிய கன்னங்களுக்கும் இனி விடிவு உண்டு என்று அதில் ஒரு வரி. அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கட்டுரைக்குக் கீழே கொழும்பு நிலையமொன்றின் தொலைபேசி இலக்கமும் இருந்தது.

எங்கள் பெண்களுக்குக் கன்னம் ஏன் ஒட்டுகிறது என்று உங்களுக்குத் தெரியாதா, ஐயா? தேயிலைத் தோட்டத்துச் செய்திகளை இத்தனை வருடமாகப் போட்டு வருகிறீர்கள். ரொட்டியும் வெறுந்தேத்தண்ணியுமாக மலை ஏறுகிறவளுக்கு இரத்தசோகை. கடைவாய்ப் பல் வலித்தால் அடைத்துக் காப்பாற்றப் பக்கத்தில் பல் வைத்தியர் இல்லை. டவுனுக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். தாங்க முடியாத கட்டத்தில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவாள். கடைவாய்ப் பற்கள் போனால் கன்னம் உள்ளே விழத்தானே செய்யும்? அவளுக்கு வேண்டியது பல் செட்டும் நல்ல சாப்பாடும்.

நான் அரசாங்க வைத்தியசாலைகளில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். வாய், முக சத்திரசிகிச்சை வார்டிலும் வேலை செய்திருக்கிறேன். பஸ் விபத்தில் கன்ன எலும்பு நொறுங்கி வந்தவர்களையும், வெற்றிலை புகையிலையால் வாயில் புற்றுநோய் வந்து தாடையை இழந்தவர்களையும் பார்த்துக்கொண்டவள். முகத்தைத் திரும்பக் கட்டிக் கொடுக்கிற வைத்தியர்கள்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. அழகுக்காக ஒருத்தி செய்துகொள்வதையும் நான் குறை சொல்லமாட்டேன். அவரவர் முகம், அவரவர் காசு. ஆனால் உள்ளதைச் சொல்லிவிட்டு அல்லவா கூப்பிட வேண்டும்?

அக்காவின் மகள் கொழும்பில் வேலை செய்தவள். சீட்டுக் காசை எடுத்து ஒரு தனியார் நிலையத்தில் இதைச் செய்துகொண்டாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு பக்கம் வீங்கிக் காய்ச்சலோடு வந்து நின்றபோதுதான் எங்களுக்குத் தெரியும். மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ஈறுக்கு மேலே தையல் பிரிந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. உள்ளே சிலிக்கன் துண்டின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தது. "ஒரு மணித்தியாலத்துல முடிஞ்சிரும்னு மட்டுந்தான் சொன்னாங்க சித்தி" என்றாள். மருந்து கொடுத்தும் அடங்கவில்லை, கடைசியில் எடுக்க வேண்டியதாயிற்று. மேல் உதட்டில் ஒரு பக்கம் இன்றைக்கும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது.

ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலத்தில் முடியும் என்பது பொய்யில்லை. பெரும்பாலும் வாய்க்குள்ளே மேல் ஈறுக்கு மேல் கீறி, எலும்புக்குப் பக்கத்தில் பை போல ஓர் இடம் பிரித்து உள்ளே வைப்பார்கள். அதனால் முகத்தில் தழும்பு தெரியாது. அதை உங்கள் கட்டுரை பெரிதாகச் சொன்னது. வாய் கிருமி நிறைந்த இடம், அந்த வழியாகத் தொற்று போகலாம் என்பதைச் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே எலும்பிலிருந்து வெளியே வரும் நரம்பு அடிபட்டால் கன்னமும் மேல் உதடும் மரத்துப்போகும். பலருக்கு நாளடைவில் உணர்ச்சி திரும்பும், சிலருக்குத் திரும்பாது. துண்டு நகர்ந்தால் இரண்டு பக்கமும் இரண்டு மாதிரித் தெரியும். வருடக்கணக்கில் அழுத்தினால் அடியில் எலும்பு தேயவும் கூடும். சிலிக்கன் என்றால் எடுப்பது ஓரளவு சுலபம். நுண்துளை உள்ள பொலிஎத்திலீன் என்றால் சதை அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும், எடுப்பது பெரிய வேலை. வீக்கம் முழுதாக வடிய மாதக்கணக்காகும். புகைபிடிக்கிறவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும். இதில் ஒன்றாவது அந்தப் பக்கத்தில் இருந்ததா?

சத்திரசிகிச்சை இல்லாமல் கன்னத்தை நிரப்ப ஊசியால் போடும் ஃபில்லர் மருந்தும் இருக்கிறது. ஹையலூரோனிக் அமிலத்தில் செய்தது என்றால் காலப்போக்கில் கரையும், பிரச்சினை வந்தால் கரைக்கவும் மருந்து உண்டு. ஆனால் அது தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அபூர்வமாகக் கண் பார்வையே போகலாம். அதனால் அதையும் பியூட்டி பார்லரில் போட்டுக்கொள்ளக் கூடாது.

எங்கள் பிள்ளை கையெழுத்துப் போட்ட படிவம் முழுக்க ஆங்கிலம். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தது. நான் வேலை செய்த வார்டுகளிலேயே தமிழ்ப் படிவம் இல்லாமல் எத்தனை தாய்மாருக்கு நான் வாயால் விளக்கிச் சொல்லியிருப்பேன்! தனியார் நிலையத்தில் யார் விளக்குவது?

பல் வைத்தியர் இல்லாத தோட்டங்களைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. இடமில்லை என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். அதே பக்கத்தில் முகம் வெளுக்கும் கிரீம் விளம்பரத்துக்கு இடம் இருந்தது. தேயிலை என்று வந்தால் கூடையோடு சிரிக்கிற பெண்ணின் படத்தைத்தான் போடுகிறீர்கள். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரைக்கும் காத்துக் கிடந்தவர்கள் அந்தப் பெண்கள். இப்போது அதே முகத்தில் குறை கண்டுபிடித்து எழுதுகிறீர்கள். உங்கள் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவள் நான், அதனால் இதைக் கோபத்தைவிட மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் கால் பத்தி ஒதுக்குங்கள். செய்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ள வைத்தியரா, இந்தச் சத்திரசிகிச்சையில் விசேட பயிற்சி பெற்றவரா, அந்த இடம் தனியார் மருத்துவ நிலையங்களுக்கான 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்த நிலையமா, எந்தப் பொருளை வைக்கிறார்கள், எடுக்க வேண்டி வந்தால் யார் எடுப்பது, யார் காசு கட்டுவது என்று கேட்டுவிட்டுப் போகும்படி போடுங்கள். காசு வாங்கிப் போடுகிற கட்டுரை என்றால், தலைப்புக்கு மேலே 'விளம்பரம்' என்று கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
தலவாக்கலை.