நமது மட்டக்களப்புத் திரைப்பட வட்டத்தின் ஆண்டறிக்கை (2024 ஜூலை – 2025 ஜூன்)

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, கல்லடி, ஆரையம்பதி, காத்தான்குடி, ஏறாவூர் என்று பல பக்கமிருந்தும், கல்முனையிலிருந்து பஸ் பிடித்தும் வந்திருக்கும் அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழுவில் இந்த ஆண்டு மாற்றம் எதுவும் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம் அலமாரியில் என்ன சேர்ந்தது, என்ன பழுதானது, எதைத் திரும்பப் பார்த்தோம் என்பதுதான் இந்த அறிக்கை.

சென்ற பொதுக்கூட்டத்தில், புதிதாக வந்த படம் ஒன்றைப் பார்த்தால் ஏற்கெனவே பார்த்த படம் ஒன்றையும் பார்ப்பது என்று தீர்மானித்தோம். அப்போது எதிர்ப்பும் இருந்தது. "பார்த்ததையே பார்ப்பதற்கா காசு கொடுத்து வாங்குகிறோம்?" என்று ஒருவர் கேட்டார். அதற்குத்தான் வாங்குகிறோம். ஒரு தரம் பார்த்தால் போதும் என்கிற படத்துக்கு அலமாரி எதற்கு? நம் ஊருக்கு இது புதுப் பழக்கமும் அல்ல. நம் நாட்டுக்கூத்தான வடமோடி விடிய விடிய நடக்கும்போது ஆடுகளமான களரியைச் சுற்றி இருப்பவர்களில் கதை தெரியாதவர் யார்? அபிமன்யு திரும்பி வரமாட்டான் என்று குழந்தைக்கும் தெரியும். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளம் எங்கே மாறுகிறது, இந்த முறை ஆடும் பிள்ளை களரிக்குள் வரும் வரவு ஆட்டத்தை எப்படி ஆடுகிறான் என்று பார்க்கத்தான் பாயையும் தூக்கிக்கொண்டு போகிறோம். படத்தையும் அப்படிப் பார்க்கலாம் என்பதற்கு இந்த ஆண்டில் நல்ல சாட்சிகள் கிடைத்தன.

முதலில் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). பிள்ளைகளைப் பார்க்க ஒனோமிச்சியிலிருந்து டோக்கியோவுக்குப் போகும் வயதான தாய் தகப்பன் கதை. முதல் தடவை பார்த்தபோது பேச்சு முழுக்க அந்தப் பிள்ளைகளைப் பற்றியே போயிற்று. கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. அதனால் அது இயல்பு. சில மாதம் கழித்து அதே படத்தைப் போட்டோம். இந்த முறை பேசியவர்கள் பெண் அங்கத்தவர்கள். அவர்கள் பேசியது மருமகள் நொரிகோவைப் பற்றி. அவளுடைய கணவன் போருக்குப் போய்த் திரும்பாதவன், எட்டு வருஷமாகிறது. மாமனும் மாமியும் வந்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் அரிசி மதுவும் கிண்ணமும் கடன் வாங்கி உபசரிக்கிறாள். சின்ன அறை, சுவரோரம் அவனுடைய படம். "மறுமணம் செய்துகொள் பிள்ளை" என்று மாமி சொல்லும்போது அவள் சிரிக்கிற சிரிப்பை, முதல் தடவை நாங்கள் பண்பு என்று எடுத்துக்கொண்டோம். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் ஓர் அக்கா சொன்னார்: "அது சிரிப்பில்லை. வேற என்ன முகம் காட்டுறதெண்டு தெரியாத நேரம் நாங்களும் அப்படித்தான் இருப்போம்." அதன் பிறகு அன்று யாரும் நீண்ட நேரம் வேறு எதையும் பேசவில்லை. கடைசியில் நொரிகோ தன்னைப் பற்றி மாமனிடம் சொல்லும் இடத்தைத் திரும்ப ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். தியேட்டரில் இது முடியாது. இறுவட்டு கையில் இருந்ததால் முடிந்தது.

அதே படத்தால் இன்னொரு கேள்வியும் வந்தது. நம்மிடம் அதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று 136 நிமிடம் ஓடுகிறது, மற்றது ஏறக்குறைய 130 நிமிடம். எங்கேயோ வெட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டோர் பலர். ஒரு காட்சியும் வெட்டப்படவில்லை. சினிமாவில் வினாடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்), ஐரோப்பாவின் 'பால்' (PAL) முறைத் தொலைக்காட்சியில் 25. பழைய ஐரோப்பிய டிவிடிகளில் படத்தை அப்படியே 25 வேகத்தில் ஓட்டிப் பதிவார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடும், குரலும் ஒரு பிடி மேலே போகும். ஓசு போன்ற நிதானமான இயக்குநரிடம் அந்த ஆறு நிமிடம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காது கொஞ்சம் கண்டுபிடிக்கும். புளூரேயில் பெரும்பாலும் 24 ஆகவே வருகிறது. ஆகவே இனி நல்ல புளூரே கிடைக்கும் படத்துக்குப் பழைய டிவிடி வாங்குவதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது.

அலமாரிக்கு இந்த ஆண்டு வந்தவற்றில் எனக்கு மிகப் பெருமையானது அபு என்ற சிறுவன் வளரும் கதையைச் சொல்லும் சத்யஜித் ராயின் மூன்று படங்களின் புளூரேத் தொகுப்பு. லண்டனில் இருக்கும் நம் அங்கத்தவரின் தம்பி பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். 'பாதேர் பாஞ்சாலி' (1955), 'அபராஜிதோ', 'அபுர் சன்சார்' ஆகியவற்றின் மூல நெகடிவ்கள் 1993இல் லண்டனில் ஒரு லாப்பில் ஏற்பட்ட தீயில் கருகிப்போனவை. சுருங்கிக் காய்ந்து விளிம்பு உருகியிருந்த அந்தச் சுருள்களை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். இருபது வருஷம் கழித்து இத்தாலியின் பொலோனியாவில் அவற்றை ரசாயனக் கரைசலில் ஊறவைத்து இளக்கி, சுருளின் ஓரத் துளைகளைக் கையால் ஒட்டிச் சரிசெய்து, மீட்கக்கூடிய சட்டகங்களை எடுத்தார்கள். 'பாதேர் பாஞ்சாலி'யில் ஏறக்குறைய 40 சதவீதமும் 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தத் தீயில் தப்பிய நெகடிவிலிருந்தே வந்தவை. மீதியை வேறு பிரதிகளிலிருந்து சேர்த்தார்கள். 2015இல் மீட்ட படங்கள் திரைக்கு வந்தன. நம் பழைய விசிடியில் மழைக் காட்சி என்றால் சாம்பல் நிறத்தில் கோடுகள் மட்டும்தான். இப்போது அபுவின் அக்கா துர்காவின் தலைமயிரில் சொட்டும் தண்ணீர் தெரிகிறது. குளத்தில் விழும் துளியைத் தனித்தனியாக எண்ணலாம் போலிருக்கிறது.

அப்புறம் நம் ஊர்க்காரர் விஷயம். பாலு மகேந்திரா அமிர்தகழியில் பிறந்தவர் என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பிறந்த நாளான மே 20ஐ ஒட்டி இந்த ஆண்டு 'வீடு' (1988) படத்தை மீண்டும் பார்த்தோம். நான் முன்பு பார்த்தபோது சொந்த வீடு கட்ட முயலும் சுதாவின் கஷ்டம், ஒப்பந்தக்காரன் செய்யும் சீமெந்துத் திருட்டு, கடைசியில் வரும் அரசாங்கத் தாள் என்று கதையைத்தான் பின்தொடர்ந்தேன். இந்தத் தடவை அவளுடைய தாத்தாவாக நடிக்கும் சொக்கலிங்க பாகவதர் குடையைப் பிடித்துக்கொண்டு பாதி கட்டிய வீட்டைப் பார்க்கப் போகும் இடத்தில் கண் நின்றுவிட்டது. பூசாத சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறார். பேச்சே இல்லை, இளையராஜாவின் இசை மட்டும். வீட்டுத் திட்டத்துக் காசு அடுத்த தவணை வராமல், கதவு நிலை வைத்த மட்டத்தில் வருஷக்கணக்காக நின்ற சுவர்களை நாம் எல்லோரும் தடவியிருக்கிறோம். சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் டச்பாரிலும் எத்தனை பேர் அப்படி நின்றார்கள்! வெளியூர் விமர்சகர் யாரும் எழுதாத ஒன்றை அந்த மாலை இந்த வட்டம் பேசியது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் நாம் பார்த்த பிரதி எப்படிப்பட்டது? நிறம் மங்கி, ஓரத்தில் விற்பனைக் கம்பனியின் முத்திரை படம் முழுக்க நின்று, ஒலியில் இரைச்சல். 'வீடு', 'சந்தியா ராகம்' போன்ற படங்களின் நெகடிவ்கள் அழிந்துவிட்டன என்று அவரே தம் கடைசிக் காலத்தில் வேதனையோடு சொல்லிவந்தார், தமிழ் சினிமாவுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டார். 2014 பெப்ரவரியில் காலமானார். தேசிய விருது வாங்கிய படத்துக்கே இந்த நிலை. ஆகவே யாருடைய வீட்டுப் பரணிலாவது அவருடைய படங்களின் நல்ல கசெட்டோ பழைய இறுவட்டோ இருந்தால், அது சிறு விஷயம் என்று நினைக்க வேண்டாம். தயவுசெய்து அறியத் தாருங்கள்.

இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கென்று ஒதுக்கிய தட்டு இன்னும் ஏறக்குறைய காலிதான். 'குத்துவிளக்கு' (1972), தர்மசேன பத்திராஜாவின் 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) ஆகியவற்றுக்கு நல்ல பிரதி தேடுகிறோம். சிங்களப் பக்கத்தில் கொஞ்சம் நம்பிக்கை தெரிகிறது. சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமாய்' (1978) மும்பையின் பிலிம் ஹெரிட்டேஜ் பவுண்டேஷனால் மீட்கப்பட்டு இந்த மே மாதம் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அது இறுவட்டாக வந்தால் முதல் பிரதிகளில் ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். நம் தமிழ்ப் படம் ஒன்றும் அந்த வரிசையில் நிற்கும் நாளுக்காக நாம் கடிதம் எழுத வேண்டும், கேட்க வேண்டும்.

கசெட்டுகளைப் பற்றி. வீடியோக் கடை நடத்திய ஒரு பெரியவர் தம்மிடம் எஞ்சியிருந்த வீஎச்எஸ் கசெட்டுகளைப் பெட்டியோடு நமக்குத் தந்தார். அவருக்கு வட்டத்தின் நன்றி. பெரும்பாலானவற்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம். வாவிக் காற்றும் மார்கழி ஈரமும் போதும், கதவைப் பூட்டி வைத்தாலும் பிடித்துவிடும். பூஞ்சணம் பிடித்த கசெட்டை எக்காரணம் கொண்டும் டெக்கில் போட வேண்டாம். அது நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசெட்டையும் கெடுக்கும். டெக்கும் இனிப் புதிதாக வாங்க முடியாத பொருள். கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானியக் கம்பனி 2016இல் நிறுத்திவிட்டது. கோட்டைமுனையில் பழைய ரேடியோ திருத்துகிற ஒருவர் நம் டெக்குக்குப் புதுப் பெல்ட் போட்டுத் தந்தார். அதை அவரிடம் பழகிக்கொள்ள இளைஞர் இருவர் முன்வந்திருப்பது இந்த ஆண்டின் நல்ல செய்தி.

வீட்டில் எழுதிய இறுவட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் அச்சிட்டு வரும் டிவிடியும் கணினியில் எழுதும் டிவிடியும் ஒன்றல்ல. எழுதுவதில் சாயப் படலம்தான் தகவலைத் தாங்குகிறது. வெயிலும் சூடும் பட்டால் சில வருஷத்திலேயே மங்கிவிடும். பிள்ளையின் கல்யாணம், ஊர்த் திருவிழா என்று அப்படி எழுதி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வன்தட்டுக்கு மாற்றுங்கள்.

1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் சுனாமியையும் பார்த்த ஊர் நம்முடையது. சேர்த்ததெல்லாம் ஒரே வீட்டில் இருப்பது நல்லதல்ல. இரண்டு பிரதி உள்ள படங்களில் ஒன்றையும் முழுப் பட்டியலையும் படுவான்கரையில் ஓர் அங்கத்தவர் வீட்டு மேல்மாடியில் வைத்திருக்கிறோம்.

காட்சிகள் பெரும்பாலும் போயா (பௌர்ணமி) விடுமுறை மாலைகளில் நடந்தன. நோன்பு மாதத்தில் காட்சி வைக்கவில்லை, அடுத்த ஆண்டும் அப்படியே. மண்டபத்தில் போட்டு டிக்கெட் வைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வீட்டுப் பாவனைக்கென்று விற்ற இறுவட்டை அப்படிக் காட்ட உரிமை வாங்க வேண்டும். அது இல்லாமல் செய்வது படம் எடுத்தவருக்கு அநியாயம். அங்கத்தவர் வீடுகளில், கட்டணமில்லாமல் என்ற ஒழுங்கே தொடரும்.

வீடு தந்த அங்கத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய படங்கள் ஏறக்குறையச் சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. அகலமான புதிய தொலைக்காட்சி அவற்றை இழுத்துப் பரப்பி, எல்லா முகத்தையும் வீங்கவைக்கிறது. ரிமோட்டில் நாலுக்கு மூன்று என்பதைத் தெரிவு செய்யுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அது குறையல்ல. அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ராயின் படமும் பின்னேரத்து டெலிநாடகம் மாதிரித் தெரிகிறது. இறுவட்டுகளை உலக வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, அந்தந்த வட்டாரத்துப் பிளேயரில் மட்டும் ஓடும்படி விற்கிறார்கள்; எல்லா வட்டாரத்து இறுவட்டும் ஓடும் பிளேயர் வட்டத்திடம் ஒன்றுதான் உண்டு. இலங்கைக்கு டிவிடியில் 5ஆம் வட்டாரம், புளூரேயில் சி (C). உறவினர் லண்டனிலிருந்து கொண்டுவருவதோ டிவிடியில் 2, புளூரேயில் பி (B). ஆகவே வாங்கச் சொல்லும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

"எல்லாம் யூடியூப்பில் இருக்கே" என்று இளையவர்கள் கேட்கிறார்கள். இருக்கும்வரை பாருங்கள், தப்பில்லை. உரிம காலம் முடிந்ததும் படம் அங்கிருந்து போய்விடும், யாரும் உங்களுக்கு அறிவிக்க மாட்டார்கள். திரும்பப் பார்க்க வேண்டும் என்று தோன்றும் படம் எதுவோ அது அலமாரியில் இருக்கட்டும்.

வரும் ஆண்டுக்குக் குழு முன்வைப்பவை: 'சந்தியா ராகம்' மீண்டும், 'டோக்கியோ ஸ்டோரி' மூன்றாம் முறை (பெண் அங்கத்தவர்களின் கோரிக்கை), அத்துடன் ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்' (1987) முதல் முறையாக. ஆசிரியர்களாக இருக்கும் அங்கத்தவர்கள் தமிழில் உபதலைப்பு எழுத முன்வந்தால், ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் அம்மாக்களும் வந்து இருப்பார்கள். இதை நான் மிகவும் விரும்புகிறேன்.

இரவல் எடுத்த இறுவட்டுகளை இம்மாத முடிவுக்குள் திருப்பித் தரவும். சந்தாவைப் பொருளாளரிடம் செலுத்தவும். இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்