பச்சை டிக் காணாமல் போன கதை

மாப்ள,

எழுதி ரொம்ப நாளாச்சு, திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் நலம், குறுவை அறுப்பு முடிந்தது, சம்பாவுக்கு நாற்று விட்டாச்சு. அக்கா உன்னைக் கேட்டாள். அந்தப் பட்டுக்கோட்டை பஸ் விஷயத்தை இன்னும் மறக்கவில்லையாம், நீயே பேசிக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம வாய்க்கால் பெயர்த் தொகுப்பு இருக்கும் கணினியில் டார்ட்டாய்ஸ்கிட் படுத்துவிட்டது. கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளை வலது சொடுக்கிலேயே இயக்க உதவுவது அது. கோப்புறைகள் மேல் தெரிந்த பச்சை டிக், சிவப்பு ஆச்சரியக்குறி எதுவும் இல்லை. கணக்கு வாத்தியார் அரண்டுபோனார். பாமணி ஆற்றங்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கிழவர்களிடம் வாய்க்கால் பெயர்களைக் கேட்டு எழுதியவர் அவர், அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் எல்லாம் பத்திரம் என்று நம்புகிறவர். மொத்தத்தையும் ‘கடைசி’, ‘கடைசிக்கும் கடைசி’ என்று பெயர் போட்டு நகலெடுக்க ஆரம்பித்துவிட்டார். கணினிக் கடைப் பையன் மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போட்டான், பலனில்லை. அப்புறம் எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் போட்டுவிடலாம் என்றான் பார், அப்போதுதான் எனக்கு அடிவயிறு கலங்கியது. வாத்தியார் கமிட் செய்து, அதாவது அந்தக் கணினியில் பதிந்து, வெளியே புஷ் செய்யாத, அதாவது வேறு இடத்துக்கு அனுப்பாத பெயர்கள் அதில் இருந்தன. ஒரு சொடுக்கில் எல்லாம் போயிருக்கும்.

தொடாதே என்று சொல்லிவிட்டு, முதலில் கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து ‘கிட் ஸ்டேட்டஸ்’ அடித்தேன். ஒழுங்காகப் பதில் வந்தது. வலது சொடுக்கு மெனுவில் கமிட்டும் இருந்தது. டார்ட்டாய்ஸின் 32 பிட் பதிப்பைப் போட்டிருந்தால், கோப்புறைகளைக் காட்டும் விண்டோஸின் 64 பிட் எக்ஸ்ப்ளோரர் அதை ஏற்றவே ஏற்றாது, மெனுவே வந்திருக்காது. ஆக, கிட்டும் நலம், டார்ட்டாய்ஸும் நலம், குறிகள் மட்டும்தான் இல்லை.

காரணம் தெரிந்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை மாப்ள, அவ்வளவு சின்ன விஷயம்! கோப்பின் மேல் ஒட்டும் இந்தக் குறிகளுக்கு விண்டோஸ் 15 இடம்தான் வைத்திருக்கிறது. அதில் சிலதைத் தானே எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைத்தான் மற்ற மென்பொருள்கள் பங்கு போட வேண்டும். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ஷெல் ஐகான் ஓவர்லே ஐடென்டிஃபயர்ஸ்’ என்று ஒரு பட்டியல், அதை அகர வரிசையில் படித்து முதலில் வருகிறவர்களுக்கு இடம் கொடுக்கிறது. இது தெரிந்தவர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் வெற்றிடம் சேர்த்து மேலே ஏறிக்கொள்கிறார்கள். பந்தியில் துண்டு போட்டு இடம் பிடிப்பதேதான். யாரோ புதிதாகப் போட்டிருந்த கோப்புகளை இணையத்தில் வைக்கும் ஒரு மேகச் சேமிப்பு மென்பொருள் அப்படித்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தது. டார்ட்டாய்ஸுக்கு ஒன்பது குறிகள், பாவம், எல்லாம் வாசலுக்கு வெளியே. இந்த வரிசையை மாற்றாமல் எத்தனை முறை திரும்ப நிறுவினாலும் என்ன ஆகப்போகிறது?

அந்தப் பட்டியலை முதலில் எக்ஸ்போர்ட் செய்து நகல் வைத்துக்கொண்டேன், ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கிறவன் இதைச் செய்யாமல் வைக்கக் கூடாது. மேகக்காரனின் பதிவுகளை நீக்கினேன். அவன் குறிகள்தான் போகும், வேலை போகாது. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை மறுதொடக்கம் செய்ததும் பச்சை வந்துவிட்டது. அந்த மென்பொருள் அடுத்த அப்டேட்டில் மறுபடி முன்னால் வந்து உட்காரலாம், அதனால் செய்ததையெல்லாம் தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன்.

வாத்தியாருக்கு, பதிந்த மாற்றங்களின் பட்டியலான லாக்கைத் திறந்து, அவர் முதன்முதலில் பதிந்த வரியைக் காட்டினேன். குறி இல்லாத நாளிலும் இது இங்கேயேதான் இருந்தது ஐயா என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ‘இதை முதலிலேயே காட்டியிருந்தா நான் ஏன் பயப்படப்போறேன்’ என்றார். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் கிழவர்கள் போனால் இந்தப் பெயர்களைச் சொல்ல ஆளில்லை. பல வாய்க்கால் இப்போதே தூர்ந்து மனைக்கட்டாகிவிட்டது.

அதனால் உனக்கு ஒரு வேலை. கிட்டில் குளோன் செய்தால், அதாவது தொகுப்பை நகலெடுத்தால், முழு வரலாறும் கூடவே வரும், வெறும் கடைசி நகல் இல்லை. உன் கணினியிலும் ஒன்று இருக்கட்டும், வாரம் ஒருமுறை புல் செய்து புதியதை இறக்கிக்கொள். ‘நேரமில்லை’ என்று ஆரம்பிக்காதே, நீ கிரிக்கெட் பார்க்கிற நேரம் எனக்குத் தெரியும். அப்புறம், உங்கள் கொல்லைக்குத் தண்ணீர் வரும் கிளை வாய்க்காலுக்கு உன் தாத்தா ஒரு பெயர் சொல்வாரே, அதை அம்மாவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் மன்னார்குடிக்காரன்