எட்டாம் நாளுக்கு மட்டும் வராதே

அன்புள்ள கண்ணம்மா,

ஒரே நாள் லீவில் வந்து, நாயன்மார் எல்லாரும் ஊர்வலம் வருகிற அறுபத்துமூவரைப் பார்த்துவிட்டு ராத்திரியே ரயிலேறிவிடலாமா என்று கேட்டிருந்தாய். ஏறலாம். ஆனால் மயிலாப்பூர்த் திருவிழாவில் அது பாதிகூட இல்லை. ஆறு நாள் லீவு கிடைக்குமா பார்.

முதலில் தேதி. கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா பத்து நாள். உத்திரத்தை ஒட்டிப் பத்தாம் நாள் திருக்கல்யாணம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணு. இரண்டு நாள் முன்னால் அறுபத்துமூவர், மூன்று நாள் முன்னால் தேர், ஏழு நாள் முன்னால் அதிகார நந்தி. 2024ல் மார்ச் 16 கொடியேற்றம், 22 தேர், 23 அறுபத்துமூவர். சில வருஷம் ஏப்ரலுக்குப் போய்விடும். நட்சத்திரம் இரண்டு நாளில் விழுந்தால் வீட்டுக் காலண்டரை நம்பாதே, கோயில் பத்திரிகைதான் கணக்கு. அதற்குள் ரயில் நிரம்பிவிடும் என்றால் அடுத்தடுத்த இரண்டு தேதிக்கும் போட்டுவைத்து ஒன்றை ரத்து செய்துகொள்.

அதிகார நந்திக்கு விடிவதற்கு முன்பே கிழக்குக் கோபுரத்தடியில் நிற்க வேண்டும். நூறு வருஷம் தாண்டிய வெள்ளி வாகனம். கோபுர வாசலில் கபாலி வந்து நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அத்தனை கூட்டமும். ஏழு மணிக்கு எழுந்து வந்தால் முதுகைத்தான் பார்ப்பாய். என்னைக் கேட்டால் பத்து நாளில் இதுதான் முதலிடம், அறுபத்துமூவர் அப்புறம்தான்.

தேரன்று குட்டியைத் தூக்கிக்கொண்டு மாட வீதி முனையில் நிற்காதே. தேர்ச் சக்கரத்துக்குத் திரும்பத் தெரியாது, அச்சு அசையாது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையைச் சாய்த்துப் போட்டு அதை மட்டும் தடுத்து, மறுபக்கத்தை ஓடவிட்டுத்தான் திருப்புவார்கள். கட்டை உட்காரும் முன் வடம் பிடிப்பவர்கள் இழுத்துவிட்டால் சக்கரம் கட்டைமேல் ஏறித் தொம்மென்று இறங்கும்; தொய்ந்து கிடந்த வடம் சட்டென்று விறைக்கும். இரண்டு வடத்துக்கும் நடுவில் நிற்பவர்கள் அப்போதுதான் விழுவார்கள். வடம் தொட ஆசையென்றால் நேர்வீதியில், வெளிப்பக்கமாக நின்று தொடு. செருப்பைப் பையில் வை, எங்காவது விட்டால் கிடைக்காது. பத்து மணிக்கு மேல் தார் கொதிக்கும், குட்டிக்கு சாக்ஸ் போட்டுவிடு. தேர் போகிற தெருவில் கரண்ட் இருக்காது, போனை முந்தின ராத்திரியே சார்ஜ் செய்துவிடு.

எட்டாம் நாள் எல்லாரும் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வருகிறார்கள். நீ காலையிலேயே குளக்கரைக்கு வா. பாம்பு கடித்து இறந்த பூம்பாவையைச் சம்பந்தர் எழுப்பிய நிகழ்ச்சி அப்போதுதான் நடக்கும். அவர் பாடிய பதிகத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேள், அது இந்த ஊரின் திருவிழாக் காலண்டர். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைக் காணாமலே போகிறாயா என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார். ‘மட்டிட்ட புன்னையங் கானல்’ என்று கடற்கரைச் சோலையைச் சொல்லித் தொடங்குவதால் அன்றைய மயிலை கடற்கரை ஊர் என்பதும் தெரிகிறது. இன்றைய கோயில் கடலிலிருந்து தள்ளி, பிற்காலத்தில் கட்டியது. ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்தும் அந்தப் பட்டியலில் பெரும்பாலானது இங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறது. தைப்பூசத் தெப்பத்துக்கு வர முடிந்தால் இன்னும் நல்லது, இவ்வளவு நெரிசல் இல்லை.

மத்தியானத்துக்கு இடம் சொல்கிறேன். ஆர்.கே. மடம் சாலையில் மேற்குப் பக்கம் நில். கட்டடங்களின் நிழல் உன்மேல் விழும், எதிரே குளம், சாமி தெற்கிலிருந்து வடக்கே போகும். சன்னதித் தெருவில் நின்றால் புறப்பாட்டைப் பார்க்கலாம், ஆனால் அசைய முடியாது. குட்டியின் கையில் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடு, சீட்டு எழுதிச் சட்டைப் பையில் வைத்தால் விழுந்துவிடும். நாயன்மார்களில் காரைக்கால் அம்மையாரைக் கண்டுபிடிக்கச் சொல், குட்டி பொறுமையாக நிற்க அது போதும்.

அந்தப் பதிகத்தின் முதல் பாட்டே அன்னமிடுவதைப் பற்றித்தான். நம் பங்குக்கு நூறு பேருக்கு நீர்மோர். ஆளுக்கு 200 மில்லி என்றால் 20 லிட்டர்: தயிர் 4 லிட்டர், தண்ணீர் 16. இஞ்சி 150 கிராம், பச்சைமிளகாய் பதினைந்து, கறிவேப்பிலை, கொத்தமல்லி இரண்டு கட்டு. நசுக்கித் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டு. அப்படியே போட்டால் யார் தொண்டையிலாவது மிளகாய் சிக்கும். உப்பு 120 கிராமில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டு. மிக்ஸியில் ஓட்டாதே, வெண்ணெய் திரண்டு டம்ளரில் மிதக்கும், மத்துதான் சரி. ஒரு மணிக்கே எல்லாவற்றையும் கரைத்துவிட்டால் சாமி வருவதற்குள் புளித்துவிடும். கெட்டியாகக் கடைந்து எடுத்துப் போய், பந்தலில் முதலில் பாதி மோருக்கு, அது தீர்ந்ததும் மீதிக்கு என்று தண்ணீர் சேர். ஐஸ் கட்டியை மோருக்குள் போடாதே, மீன் பெட்டிக்குப் போகிற ஐஸும் அதேதான். தூக்கை ஐஸ்மேல் உட்காரவை. பல்லக்கு நெருங்கும்போது கொடுப்பதை நிறுத்திவிடு. டம்ளருக்காக ஒருவர் நின்றால் பின்னால் வருகிறவர்கள் அவர்மேல் சாய்வார்கள். குப்பைக்கூடையைப் பந்தலிலேயே வைக்காமல் பத்தடி தள்ளி வை, குடித்து முடிக்கிற இடம் அதுதான்.

மாட வீதிப் பக்கம் வண்டி விடமாட்டார்கள் என்பதால் அப்பா சென்ட்ரலுக்கு வரமாட்டார். பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்கு, அங்கிருந்து நடைதான். உன்னிடம் இருக்கிற இரண்டு பெரிய எவர்சில்வர் தூக்கையும் மூடியோடு எடுத்துவா. போன தடவை மூடியை மறந்துவிட்டாய்.

அம்மா