அடுத்த காய்ச்சலுக்குள் சோதித்துவிடுங்கள்

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் சித்த மருத்துவ ஆராய்ச்சியாளர்களுக்கும் வணக்கம்.

2020 மார்ச் கடைசியில் என் அக்காவின் மாத்திரை எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கவில்லை. அவளுக்கு லூபஸ், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தினமும் போட்டால்தான் மூட்டுவலி அடங்கியிருக்கும். மலேரியாவுக்கு வந்த அந்த மருந்து கொரோனாவையும் தடுக்கும் என்று பேச்சு கிளம்பியது. சுகாதாரப் பணியாளர்கள் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொன்னதும் தேவையில்லாதவர்கள்கூட வாங்கி வைத்துக்கொண்டார்கள். அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு, காலையில் விரல் மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நம்பிக்கை பொய்யிலிருந்து பிறக்கவில்லை. ஆய்வகத்தில், குரங்கின் சிறுநீரகச் செல்களில் அந்த மருந்து வைரஸை உண்மையாகவே தடுத்தது. மனித நுரையீரல் செல்களில் வைரஸ் வேறு வழியாக நுழைகிறது. அங்கே மருந்து பலிக்கவில்லை. நோயாளிகளிடம் என்ன ஆனது என்பதை பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு சொன்னது. மருந்து கொடுக்கப்பட்ட 1,561 பேரில் 28 நாளுக்குள் 27 சதவீதம் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25 சதவீதம். பயனில்லை என்று 2020 ஜூன் 5-ல் அறிவித்தார்கள். அதே ஆய்வு, பதினோரு நாள் கழித்து, டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து உயிர்காக்கும் என்றும் காட்டியது.

இப்போது நம் சித்த மருத்துவக் கஷாயமான குடிநீருக்கு வருகிறேன். டெங்கு பரவினால் நிலவேம்பு, கொரோனாவுக்குக் கபசுரம் என்று அண்டா அண்டாவாகக் கொடுத்தீர்கள். நானும் வரிசையில் நின்று குடித்தவன்தான். எங்கள் பாட்டி காய்ச்சிய கஷாயத்தில் வளர்ந்தவன். ஆனால் டெங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுவார்கள். குடித்தவர் குணமானார் என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்தன, சரி. இத்தனை லட்சம் பேருக்குக் கொடுக்கும் மருந்துக்கு அது போதுமா? மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினும் ஒரு மூலிகையிலிருந்து வந்ததுதான். சீன விஞ்ஞானி து யூயூவின் குழு அதைப் பிரித்தெடுத்து, நோயாளிகளிடம் சோதித்துக் காட்டியதால்தான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

நான் கேட்பது இதுதான். அடுத்த டெங்கு பருவத்துக்கு முன்பே அரசு மருத்துவமனைகளில் ஓர் ஆய்வுத் திட்டம் தயாராக இருக்கட்டும். சம்மதிக்கும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு குடிநீரும், மீதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுங்கள். எத்தனை பேருக்கு நோய் முற்றியது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணுங்கள். யார் குடிநீர் குடிக்கிறார் என்பது நோயாளிக்குத் தெரியக்கூடாதே, நிலவேம்பின் கசப்பை எப்படி மறைப்பது என்பார்கள். ரெக்கவரியிலும் யாருக்கு என்ன மருந்து என்று மறைக்கவில்லை. அப்புறம், முடிவு எதுவானாலும், குடிநீர் தோற்றாலும், முழுக் கணக்கையும் தமிழில் வெளியிடுங்கள்.

எனக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஆய்வில் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பாதியில் விழுந்தாலும் சம்மதம்.

இப்படிக்கு,
ஒரு லூபஸ் நோயாளியின் தம்பி