புகார்ப் பெட்டியை எங்கே மாட்டுவது?

ஆசிரியருக்கு,

சக மாணவர்களின் அடி, சீண்டல் போன்ற புகார்களைப் பிள்ளைகள் சீட்டில் எழுதிப் போட, அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி வைக்கச் சொன்னது நல்ல ஏற்பாடு. ஆனால் அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால், சீட்டுப் போடும் பிள்ளையை நாலு பேர் பார்த்துவிடுவார்கள். மாலையே சைக்கிள் நிறுத்துமிடத்தில் அடி விழும். எல்லோரும் வேறு வேலையாகப் போய்வரும் நூலகப் பக்கம் மாட்டுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து திறக்கட்டும், ஒருவர் பெண்ணாக.

இதைவிடப் பெரிய தவறு, அடித்தவனையும் அடிபட்டவனையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்கச் சொல்வது. பயந்த பிள்ளை தலையாட்டும். பள்ளி வாசல் தாண்டியதும் பழி இரட்டிப்பாகும். பார்த்தவர்கள் உட்பட ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, “இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

இடைவேளையில் கழிவறைப் பக்கமும், மாலையில் டவுன் பஸ் ஏறும் வரையும் ஓர் ஆசிரியர் நிற்கட்டும். சாதியைத் தொடும் பட்டப்பெயரை விளையாட்டு என்று விடவே கூடாது.

குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் வகுப்புக் கரும்பலகை ஓரத்தில் அழியாமல் எழுதி வைக்கலாம். செலவு ஒரு டப்பா பெயின்ட்.

– பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் சிலர்,
காரைக்குடி